எந்த டொக்டர் சொன்னவர்?

குருநகர், யாழ்ப்பாணம்.
12.11.2006

அன்புள்ள தங்கச்சி கொன்ஸிக்கு,

மாதாவின் தயவில் நானும் அத்தானும் உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறோம். நீயும் உன் மச்சாள் ஐறீன் அக்காவும் சுகம் என்று உன் கையெழுத்தில் கண்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

சண்டையால் கொழும்புப் பாதை பூட்டியதிலிருந்து கடிதமும் கப்பலில்தான் வருகிறது. எப்போது வரும் என்று தபாற்காரருக்கே தெரியாது. ரெலிபோன் என்றால் சந்திக் கடைக்குப் போய் நாலு பேர் பார்த்திருக்கக் கத்த வேண்டும். ‘ஹலோ’ சொல்லி முடிய லைன் போய்விடும். ஆகவே எழுதுகிறேன்.

கோயிலில் ஓகன் வாசிக்கிற பிள்ளையின் தாய் போன கிழமை கொழும்பிலிருந்து வந்தவர். பூசை முடிய என்னைப் பிடித்துக்கொண்டார். “ரீச்சர், உங்கடை தங்கச்சியைக் கொச்சிக்கடைக் கோயிலடியிலை கண்டனான். எனக்கு ஆளை அடையாளம் மட்டுக்கட்டவே ஏலாமல் போச்சு. கன்னம் ரெண்டும் உள்ளுக்கை போயிட்டுது, கையெல்லாம் நரம்பு. ஆனா வயிறு மட்டும் முன்னுக்கு நிக்குது” என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மெலிந்தவளுக்கு வயிறு எப்படி வரும்? வயிறு வைத்தவளுக்குக் கன்னம் ஏன் ஒட்டும்? யோசித்துப் பார்த்து, நீ ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று முடிவுகட்டினேன். உன் மனுசன் பேர்னாட் செத்து நாலு வருஷமாகப் போகிறது. இன்னும் ஒரு பிளேன்ரீயோடுதான் கந்தோர் வேலைக்கு ஓடுகிறாயா? காலையில் முட்டைக் கோப்பி குடி. ஆட்டெலும்பு சூப் வை. ஈரல் வாங்கு. இறால், கணவாய் எல்லாம் பேலியகொடை மீன்சந்தையில் குவிந்து கிடக்குமாமே. இங்கே ஆமியும் நேவியும் கடலுக்குப் போகவே விடுகிறார்கள் இல்லை. குருநகரில் இருந்துகொண்டு நான் ரின்மீன் தேடித் திரிகிறேன், கொன்ஸி! எனக்காகவும் சேர்த்து நீ சாப்பிடு.

பதிலை உடனே போடு.

உன் அக்கா,
புளோறன்ஸ்


கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.
20.12.2006

என் அன்பு அக்காவுக்கும் அத்தானுக்கும்,

பிறக்கப்போகிற இயேசு பாலகன் உங்கள் வீட்டுக்குச் சமாதானமும் அரிசியும் கொண்டுவரட்டும். மச்சாள் சுகம். நானும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் ஓகன் பிள்ளையின் தாய்க்குக் கண் நன்றாகத் தெரிகிறது, மறைத்துப் பயனில்லை.

எங்கள் கந்தோர் மூன்றாம் மாடியில் என்பது உனக்குத் தெரியும். ஒரு நாள் படி ஏறும்போது நெஞ்சை யாரோ கையால் பிழிவது போல இருந்தது. வியர்த்துக் கொட்டிப் படியிலேயே குந்திவிட்டேன். கந்தோர்ப் பெரியவர் ஓட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார். பிறகு வெள்ளவத்தையில் ஒரு இருதய டொக்டரைக் காசு கட்டிச் சனல் பண்ணி, நம்பர் எடுத்துப் போனேன். இரத்தம் சோதித்தார்கள். டொக்டர் றிப்போட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் றிப்போட்டைப் பார்த்தார். “நாற்பத்தஞ்சு வயசு. சுகர் இல்லை. ஆள் இப்பிடி மெலிவு. உங்களுக்கு இவ்வளவு கொழுப்பு ரத்தத்திலை எங்காலை வந்தது?” என்று கேட்டார்.

முட்டை மஞ்சட்கரு, இறால், ஈரல், தேங்காய்ப்பால், பொரியல், சீனித் தேத்தண்ணி எல்லாம் நிற்பாட்டு என்றார். ஆனால் மற்ற டொக்டர், ஒரு இறாத்தலும் மெலியக்கூடாது, நன்றாகச் சாப்பிட்டால்தான் உடம்பு தாங்கும் என்கிறார். நான் சாப்பாட்டுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு எதைத் தொடுவது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முட்டை அவித்தால் வெள்ளையை நான் தின்ன, மஞ்சளை மச்சாள் தின்கிறா. இனி அவவுக்கும் நெஞ்சு நோகப்போகிறது.

நீ யோசிக்காதே. அத்தானுக்கு என் அன்பு.

தங்கச்சி,
கொன்ஸ்ரன்ஸ்


குருநகர்.
28.01.2007

அன்புள்ள கொன்ஸி,

உன் நத்தார்க் கடிதம் தைப்பொங்கலும் முடிந்த பிறகு வந்தது. அத்தானுக்குக் கால் வீக்கம் தவிர மற்றப்படி சுகம். உன் நெஞ்சுக்காக நவநாள் தொடங்கியிருக்கிறேன்.

கடிதத்தை வாசித்துவிட்டு அத்தானிடம் கொடுத்தேன். அவரும் வாசித்துவிட்டு, “இதிலை மற்ற டொக்டர் எண்டு ஒராள் வாறாரே, ஆர் அவர்?” என்று கேட்டார். எனக்கும் அதே கேள்விதான். முதலாவது டொக்டர் யாரென்று எழுதினாய். மற்றவர் எதற்கு? எப்போதிருந்து பார்க்கிறாய்? பேர்னாட்டுக்குக் காசநோய் என்று சொன்னீர்களே, அது உனக்கும் தொற்றிவிட்டதா? அப்படியென்றால் சொல்லு. அதற்கு இப்போது நல்ல மருந்து இருக்கிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு டொக்டர்மாரும் ஒருவரோடொருவர் கதைக்கக்கூடாதா? என் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் இரண்டு விடை சொன்னால் இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்துவேன்.

எங்கள் பரம்பரையில் நெஞ்சுவருத்தம் இல்லை. அம்மா எழுபத்தெட்டு வயது மட்டும் நண்டுக்குழம்பு தின்றவ. அதுதான் எனக்கு விளங்கவில்லை. ஒன்று செய். உள்ளிப் பூண்டு ஒரு பிடி எடுத்துப் பாலில் அவித்துக் குடி. கொழுப்பு கரையும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆங்கில மருந்துக் கடையில் உள்ளிக் குளிசையும் விற்குமாம்.

ஆமியிடம் பயணப் பாஸுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு நான் அங்கே வரட்டா? பள்ளிக்கூட லீவில் வந்து ஒரு மாதம் உனக்குச் சமைத்துத் தருவேன்.

அக்கா புளோறன்ஸ்


கொட்டாஞ்சேனை.
10.03.2007

அன்பு அக்காவுக்கு,

அத்தானின் கால் எப்படி? உப்பைக் குறைக்கச் சொல்லு. இங்கே மச்சாளுக்குத் தடிமனும் இருமலும், எனக்குப் பரவாயில்லை.

எனக்குக் காசநோய் இல்லை. மற்றது ஒரு கிளினிக். அங்கே முந்தியிருந்தே போய்வருகிறேன். உடம்பு பலவீனம், அதற்குக் குளிசை தருகிறார்கள். உள்ளிக் குளிசையைப் பற்றி அங்கே நேர்ஸிடம் கேட்டேன். “ஐயோ மிஸ், வேண்டாம். கறியிலை போடுற உள்ளி பரவாயில்லை. உள்ளி மருந்து எங்கட மருந்தைக் குழப்பிப்போடும்” என்றா. ஆகவே அதை விட்டுவிட்டேன். நீ கோபிக்காதே.

இருதய டொக்டரிடம் திரும்பவும் போனேன். கொழுப்பு குறையவில்லை. சாப்பாட்டால் மட்டும் இது இறங்காது என்று ஒரு குளிசை எழுதித் தந்தார். எழுதும்போது தலை நிமிராமலே, “வேறை மருந்து ஏதும் எடுக்கிறீங்களோ?” என்று கேட்டார். கதவு திறந்திருந்தது. வெளியே வாங்கில் வெள்ளவத்தைச் சனம் முழுக்கக் குந்தியிருந்தது. எங்கள் கந்தோர்க் கணக்காளரின் மனைவியும் இருந்தா. “இல்லை டொக்டர், விற்றமின் மட்டும்” என்றேன்.

இப்போது காலையில் சிவப்பரிசி இடியப்பம், சொதி இல்லாமல். மத்தியானம் பருப்பு, வல்லாரை, ஒரு துண்டு மீன். மச்சாள் தேங்காய்ப்பால் விடாமல் சமைத்துவிட்டு, “இது குழம்போ, இல்லாட்டி சட்டி கழுவின தண்ணியோ?” என்று தன்னைத் தானே ஏசுகிறா.

அக்கா, நீ வரவேண்டாம். கப்பலில் சனம் படுகிற பாடு எனக்குத் தெரியும். இங்கேயும் சுற்றிவளைப்பு, பொலிஸ் பதிவு. வீடும் சின்னன். பிறகு பார்ப்போம்.

கொன்ஸ்ரன்ஸ்


குருநகர்.
22.04.2007

கொன்ஸி,

உயிர்த்த ஆண்டவரின் ஆசீர் உனக்கு. நாங்கள் இருக்கிறோம்.

வீடு சின்னன் என்று எழுதியிருக்கிறாய். அம்மாவின் செத்தவீட்டுக்கு நீ வந்தபோது ஒரு பாயில் நீயும் நானும் படுத்தோம். அப்போது அந்தப் பாய் எங்களுக்குப் போதாமல் போகவில்லை. நான் உனக்கு என்ன செய்தேன்? அம்மா வீட்டை என் பெயரில் எழுதியதில் உனக்கு மனவருத்தமா? அப்படி இருந்தால் நேரே சொல்லு. திரும்ப எழுதித் தர எனக்கு ஒரு நிமிஷம் போதும். இல்லையென்றால், ஐறீன் அக்காவுக்கு நான் வருவது பிடிக்கவில்லையா?

‘எங்கட மருந்து’ என்று அந்த நேர்ஸ் சொன்னது எந்த மருந்து? அந்த மருந்தைப் பற்றி ஏன் இருதய டொக்டருக்குச் சொல்லவில்லை? விற்றமின் என்றால் விற்றமின்தானா? உன் கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். ஒவ்வொரு வசனமும் விளங்குகிறது. எல்லாவற்றையும் சேர்த்தால் விளங்கவில்லை.

பங்குச் சுவாமி விமானத்தில் வருகிறார். அவர் கையில் ஒடியல் மாவும் கொஞ்சம் கருவாடும் கொடுத்துவிடுகிறேன். தின்னலாமா கூடாதா என்று எனக்குத் தெரியாது. உன் இரண்டு டொக்டர்மாரிடமும் கேட்டுக்கொள்.

அக்கா


கொட்டாஞ்சேனை.
29.05.2007

மதிப்புக்குரிய புளோறன்ஸுக்கு,

நீங்களும் கணவரும் சுகமாக இருக்க அந்தோனியாரை வேண்டுகிறேன். நான் பேர்னாட்டின் தமக்கை ஐறீன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுக்கவும்.

கொன்ஸ்ரன்ஸ் ஆஸ்பத்திரியில். முதலே சொல்லிவிடுகிறேன், இப்போது ஆபத்து இல்லை.

அந்தக் கொழுப்புக் குளிசை எடுக்கத் தொடங்கி ஒரு மாதம் போல, கால் உளைவு என்றா. பிறகு தோள், முதுகு. கதிரையிலிருந்து எழும்ப என் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு நாள் காலையில் கக்கூசிலிருந்து கூப்பிட்டா. போய்ப் பார்த்தால் சலம் கொக்கோகோலா நிறம். நான் சட்டையும் மாற்றாமல் ஓட்டோ பிடித்தேன்.

வாட்டில் ஒரு சின்ன டொக்டர், சிங்களப் பிள்ளை. தசை உடைந்து இரத்தத்தில் கலக்கிறது, கிட்னி பழுதாகப் போகிறது என்றார். “வென பெஹெத் கன்னவாத?” என்று அவவிடம் கேட்டார், வேறு மருந்து எடுக்கிறாவா என்று. அவ கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினா, இல்லையென்று. பிறகு என்னை வெளியே கூப்பிட்டுக் கேட்டார். “அம்மா, மறைத்தால் இவ செத்துப்போவா” என்றார்.

நான் சொன்னேன். அவ எடுக்கிற மற்றக் குளிசையின் பெயரைச் சொன்னேன். உயிர் போனாலும் சொல்லமாட்டேன் என்று பைபிளில் கைவைத்து அவவுக்குச் சத்தியம் செய்தவள் நான். அந்த இரண்டு குளிசையும் ஒன்றாக எடுக்கவே கூடாதாம். ஒன்று மற்றதை உடம்பை விட்டுப் போக விடாதாம், அது சேர்ந்து சேர்ந்து நஞ்சாகுமாம். உடனே கொழுப்புக் குளிசையை நிற்பாட்டிச் சேலைன் ஏற்றினார்கள். கிட்னி தப்பிவிட்டது.

அவ இப்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறா. என்னோடு கதைக்கிறா இல்லை. மற்றக் குளிசை எதற்கென்று நீங்கள் கேட்பீர்கள். டொக்டரிடம் சொன்னது அவ உயிருக்காக. உங்களிடம் சொல்வது அவவின் வேலை.

ஐறீன்


குருநகர்.
24.06.2007

என் கொன்ஸி,

ஐறீன் அக்காவின் கடிதம் கிடைத்தது. உயிரோடு இருக்கிறாய் என்பது போதும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் போதவில்லை.

எந்தக் குளிசை? அதன் பெயரைச் சொல்லவே ஒரு மனிசி பைபிளில் அடித்த சத்தியத்தை உடைக்க வேண்டியிருந்தது என்றால் அது என்ன? புற்றுநோயா? மூளைக் குழப்பமா? இங்கே ஆஸ்பத்திரி மருந்தாளரிடம் கேட்கலாம் என்று போனேன். வரிசையில் நின்றுவிட்டு, என்னவென்று கேட்பது என்று தெரியாமல் அத்தானின் கால்வீக்கத்துக்கு ஏதும் தாங்கோ என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒரு வரி எழுது.

அக்கா


குருநகர்.
29.07.2007

கொன்ஸி, கப்பல் இரண்டு தரம் வந்து போய்விட்டது. உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. கடிதம் தொலைந்ததா, நீ எழுதவில்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. உனக்குச் சுகமில்லை என்றால் ஐறீன் அக்காவைக் கொண்டாவது எழுது.

புளோறன்ஸ்


கொட்டாஞ்சேனை.
15.08.2007

அன்பு அக்காவுக்கு,

இன்று மாதாவின் விண்ணேற்புத் திருநாள். பூசைக்குப் போய்வந்து எழுதுகிறேன். நடக்கிறேன், கந்தோருக்கும் போகிறேன். உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. எழுதாமல் விட்டது நான்தான்.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. ஆட்கள் எயிட்ஸ் என்று சொல்வது. பேர்னாட்டுக்கும் அதுதான். காசநோய் பிறகு வந்து சேர்ந்தது. கப்பலில் வேலை செய்த காலத்தில் எந்தத் துறைமுகத்தில் தொற்றியது என்று அவருக்கே தெரியாது, நானும் கேட்டுக் களைத்துவிட்டேன். அவர் வாட்டில் கிடந்தபோது என் இரத்தத்தையும் எடுத்தார்கள். அப்போதிருந்து எனக்குத் தெரியும், மச்சாளுக்குத் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது.

இப்போது குளிசை இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் காசில்லாமல் தருகிறார்கள். முதல் தந்த குளிசை எனக்கு ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் கொப்பளித்தது. மாற்றித் தந்தார்கள். உயிரைக் காப்பாற்றியது அந்த மாற்றின குளிசைதான். கன்னத்துக் கொழுப்பை எடுத்து வயிற்றில் வைத்ததும், இரத்தத்தில் கொழுப்பை ஏற்றியதும் இந்த மருந்துகள்தான் என்கிறார்கள். நோயும் தன் பங்குக்கு இரத்தக் குழாய்களைக் கெடுக்குமாம். முந்தி இந்த நோயில் சனம் மெலிந்து செத்தது. இனி இருந்து, வயது போய், இருதயத்தைப் பார்க்க வேண்டிய ஆட்கள் நாங்கள். இதை டொக்டர் சிரித்துக்கொண்டு நல்ல செய்தியாகச் சொன்னார். நான் அழுதேன். ஏன் அழுதேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

மச்சாளோடு மூன்று கிழமை கதைக்கவில்லை. அவ சமைத்து வைப்பா, நான் எடுத்துத் தின்பேன். ஒரு நாள் அவ கோப்பையைக் கழுவிக்கொண்டே, “என்ரை தம்பி செத்துப்போனான். நீயும் போறதைப் பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லுறியோ?” என்றா. அதற்குப் பிறகு எனக்கு ஏசவும் முடியவில்லை, பேசாமல் இருக்கவும் முடியவில்லை.

நீ கேட்டபடியே நடந்தது, அக்கா. இரண்டு டொக்டர்மாரும் ரெலிபோனில் கதைத்துவிட்டார்கள். சண்டை பிடிக்காத வேறு கொழுப்புக் குளிசை, குறைந்த அளவில். சூடைமீன், பருப்பு, இலைவகை, பழம். தேங்காய்ப்பால் கட்டியாக வேண்டாம், பொரியலும் சீனியும் வேண்டாம். முட்டை இடைக்கிடை முழுதாகவே தின்னலாமாம். பட்டினி மட்டும் கிடக்கக்கூடாது, பின்னேரம் நடக்க வேண்டும். இருதய டொக்டர் என்னிடம் ஒன்றுதான் சொன்னார். “அண்டைக்குக் கதவைச் சாத்திப்போட்டுக் கேட்டிருக்க வேணும் நான்.”

வீட்டு எழுத்தில் எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை. நீ வந்தால் குளிசைப் போத்தல்களைக் காண்பாய் என்றுதான் வரவேண்டாம் என்றேன்.

உன் பதிலுக்கு அவசரம் இல்லை.

கொன்ஸ்ரன்ஸ்


குருநகர்.
07.10.2007

கொன்ஸி,

நீ சுகமாக இருக்க வேண்டும். அத்தானுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

உன் கடிதம் வந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். ஒன்றைக் கேட்காமல் எனக்கு மற்றது ஒன்றும் வருகுதில்லை. ஆகவே கேட்கிறேன். செத்தவீட்டில் ஒரே பாயில் படுத்தோம். உன் துவாயால் நான் தலை துடைத்தேன். நீ குடித்த மிச்சத் தேத்தண்ணியை நான் குடித்தேன். அப்போது உனக்குத் தெரியும்தானே? எனக்கு ஒன்றும் இல்லையே?

பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒரு டொக்டர் இதைப் பற்றிப் பேசியபோது நான்தான் மேடையில் நன்றியுரை சொன்னேன். தொட்டால் வராது, சேர்ந்து சாப்பிட்டால் வராது என்று பிள்ளைகளுக்கு நானே திருப்பிச் சொன்னேன். அது தெரிந்துகொண்டே உன்னிடம் இதைக் கேட்கிறேன். எனக்கு என்னவோ நடந்துவிட்டது.

பாஸ் கிடைத்துவிட்டது. வருகிறேன். எதற்கு வருகிறேன் என்று கேட்காதே.

புளோறன்ஸ்


வெள்ளவத்தை, கொழும்பு 6.
13.11.2007

அன்புள்ள கொன்ஸி,

முகவரியைப் பார்த்துத் திகைப்பாய். நான் கொழும்பில்தான் நிற்கிறேன், வந்து நாலு நாள். என்னோடு படிப்பித்த அருந்ததி ரீச்சரின் பிளாட்டில் தங்கியிருக்கிறேன். கப்பலில் சத்தி எடுத்து எடுத்துக் களைத்துப்போனேன் என்று அவவுக்குச் சொன்னேன். அவவும் நம்பிவிட்டா. ஒரே ஊரில் இருந்துகொண்டு உனக்குத் தபாலில் கடிதம் போடுகிறேன். இப்படி ஒரு விசரியைக் கண்டிருக்கிறாயா?

நேற்று ரயிலேறிக் கோட்டை ஸ்ரேசனுக்கு வந்தேன். அங்கிருந்து பஸ். உன் ஒழுங்கை முகப்பில் மருந்துக் கடைக்கு எதிரே நின்றேன். பின்னேரம் நீ வந்தாய். பையில் கீரைக்கட்டு வெளியே தெரிந்தது. மெல்ல நடந்தாய். இடையில் நின்று மூச்சு வாங்கினாய். ஓகன் பிள்ளையின் தாய் சொன்ன முகம்தான். ஆனால் நடை, அப்பாவின் நடை.

கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிடவில்லை. நின்ற ஓட்டோவுக்குப் பின்னால் போய் நின்றேன். உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான், உனக்கு ஒளித்தேன். நீ கேற்றைத் திறந்து உள்ளே போகும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

நோய்க்குப் பயமா, உன் முகத்தைப் பார்க்கப் பயமா, இவ்வளவு வருஷமும் எனக்குச் சொல்லாமல் விட்டாயே என்ற கோபமா? எல்லாம் சேர்ந்து கிடக்கிறது, பிரித்தெடுக்கத் தெரியவில்லை. திரும்பிப் போகிற கப்பலுக்குப் பதியச் சொல்கிறார்கள். என்ன செய்ய என்று நீயே சொல்லு.

அக்கா


கொட்டாஞ்சேனை.
16.11.2007

அன்பு அக்காவுக்கு,

நீ கப்பலால் சுகமாக இறங்கியதற்கு நன்றிப்பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லி மச்சாள் கோயிலுக்குப் போகப் பார்த்தா. நான்தான் மறித்து இந்தக் கடிதத்தைக் கொடுத்து வெள்ளவத்தைக்கு அனுப்புகிறேன். தபாலை நம்பினால் நீ ஊர் போய்விடுவாய்.

உன் கேள்விக்கு முதலில் பதில். உனக்கு ஒன்றும் இல்லை. பாயாலும் துவாயாலும் தேத்தண்ணியாலும் இது வராது. மச்சாள் என்னோடு இவ்வளவு காலம் ஒரே வீட்டில் இருக்கிறா. என் முட்டையின் மஞ்சளைத் தின்று அவவுக்கு வந்தது தொந்தி மட்டும்தான்.

கேட்டதற்கு எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாள் முழுக்க இருந்தது, பிறகு போய்விட்டது. நீ ஓட்டோவுக்குப் பின்னால் ஒளித்தாய். நான் ‘விற்றமின்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளித்துச் சாகப் பார்த்தேன். உன்னை ஏச எனக்கு வாய் இல்லை.

பயம் போன பிறகு வருவோம் என்று இராதே, அக்கா. அது போகிற நேரத்துக்கு உன் கப்பல் போய்விடும். பயந்துகொண்டே வா. பயந்துகொண்டே அந்தக் கதிரையில் இரு. செவ்வாய்க்கிழமை கிளினிக், விருப்பமென்றால் என்னோடு வந்து டொக்டரிடம் உன் கேள்வி எல்லாவற்றையும் கேள். அவர் பொறுமைசாலி.

வராமல் போனாலும் நீ என் அக்காதான். ஆனால் வா.

கொன்ஸி


வெள்ளவத்தை.
16.11.2007, மத்தியானம்

கொன்ஸி,

ஐறீன் அக்கா கீழே கேற்றடியில் நிற்கிறா. மேலே வந்து ஒரு வாய் தண்ணி குடியுங்கோ என்றேன். “தண்ணி பிறகு குடிக்கலாம். நீங்கள் பதிலை எழுதுங்கோ, நான் நிக்கிறன்” என்றா. வெயிலில் குடையும் இல்லாமல் நிற்கிறா.

அவவிடம் கொடுத்துவிடத்தான் இதை எழுதத் தொடங்கினேன். நன்றாக யோசித்து ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று எழுத நினைத்தேன். யன்னலால் எட்டிப் பார்த்தால் அவ அங்கேயே நிற்கிறா, அசைகிறா இல்லை. உனக்காக ஆஸ்பத்திரி வாசலிலும் இப்படித்தான் நின்றிருப்பா. நான் எங்கே நின்றேன்?

எனக்கு இன்னும் ஒன்றும் முழுதாக விளங்கவில்லை. எது எதோடு சேரும், எது சேராது, எந்த டொக்டர் எதைச் சொன்னவர் என்பதையெல்லாம் நீ எனக்கு முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கும் வருவேன்.

செருப்பைப் போட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தை ஐறீன் அக்காவிடம் கொடுக்கப்போவதில்லை. நானே கொண்டுவருகிறேன். வாசலில் எனக்கு வாய் வராமல் போனால் இதை உன் கையில் தருவேன், வாசி.

நான் இன்னும் சாப்பிடவில்லை. எனக்கென்று வேறாக ஒன்றும் சமைக்காதே. உன் சட்டியில் இருப்பதில் எனக்கும் போடு.

அக்கா